கை கூப்பினால் வரும் கணக்கு

நம் சங்கக் கூட்டங்களில் புதியவர் ஒருவரை அறிமுகம் செய்யும்போது, பெயரும் ஊரும் கேட்டானதும் மூன்றாவதாக வருவது, "என்ன ஆராய்ச்சி?" என்னும் கேள்வி. வரலாற்று மாணவர் "பிற்காலச் சோழர்" என்று இரண்டே சொல்லில் தப்பிவிடுகிறார். தாவரவியல் மாணவர் "பாசி" என்று ஒரே சொல்லில் கரையேறிவிடுகிறார். என் பாடுதான் திண்டாட்டம். "அசைகின்ற முப்பரிமாண வலையுருவங்களைச் சுருக்குகிறேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் முகம் சுருங்கிவிடுகிறது. "மீன் வலையா, கொசு வலையா?" என்று விசாரித்தவரும் உண்டு. மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டதும், எல்லோருக்கும் ஒரே தடவையில் பதில் சொல்லிவிட இது நல்ல வாய்ப்பு என்று ஒப்புக்கொண்டேன். அறிவியல் மாணவர்கள் பொறுத்தருள்க. மற்றவர்கள் அஞ்சாது வருக. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் வலை என்பது என்ன என்று பார்ப்போம். அதற்கு நம் வீட்டு வாசலே போதும். மார்கழி மாதத்தில் வார இதழ்கள் கோலம் அச்சிடும்போது அதன் அடியில் "15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை" என்று ஒரு வரி போடுவார்கள். நடுவரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே போய், 8 புள்ளியில் நிற்க வேண்டும் என்பது பொருள். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 169 புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் 462 கோடுகளும் 294 சிறு முக்கோணங்களும் தோன்றும். இந்த முக்கோணக் கோலத்தைத் தரையிலிருந்து துணிபோல் உரித்தெடுத்து ஒரு மனிதர்மேல் போர்த்தினால் அதுதான் வலையுருவம். கணிப்பொறிக்குள் நிற்கும் மனிதர், மரம், மாளிகை யாவும் பெரும்பாலும் இப்படிப்பட்ட முக்கோணப் போர்வைகளே. உள்ளே ஒன்றும் இல்லை.

கோலத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். 169 புள்ளிகளின் இடத்தையும் தனித்தனியாக அளந்து எழுதாமல், எந்த ஊர்ப் பெண்ணும் அப்படியே போட்டுவிடும்படி ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள் அல்லவா? சுருக்கம் என்பது அதுதான். பெறுகிறவர் தாமே ஊகிக்கக்கூடியதைச் சொல்லாமல் விடுவது. ஊகிக்க முடியாததை மட்டும் சொல்வது.

சுருக்காவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். கணக்குப் போடுவோம். நடமாடும் ஒருவரைச் சுற்றிக் காமிராக்களை வட்டமாக நிறுத்தி, அவருடைய உருவத்தை விநாடிக்கு 30 முறை வலையாகப் பிடிக்கிறோம். ஒவ்வொரு வலையிலும் 20,000 புள்ளி, 40,000 முக்கோணம் என்று கொள்வோம். ஒரு புள்ளியின் நீள, அகல, உயரங்களை எழுத 12 பைட் வேண்டும். ஒரு முக்கோணத்துக்கு, எந்த மூன்று புள்ளிகள் சேர்ந்தன என்று எழுத இன்னொரு 12 பைட். ஆக ஒரு வலைக்கு 7,20,000 பைட். விநாடிக்கு 30 வலை என்றால் 2 கோடியே 16 லட்சம் பைட்; பிட் கணக்கில் 17 கோடியே 28 லட்சம். இது வெறும் எலும்புக்கூடு. தோலின் நிறமும் துணியின் சரிகையும் வேண்டுமானால், 2048 புள்ளி நீளமும் அதே அகலமும் உள்ள ஒரு வண்ணப் படத்தை ஒவ்வொரு வலைக்கும் போர்த்த வேண்டும். அதற்கு விநாடிக்கு 300 கோடிப் பிட்டுக்கு மேல் ஆகும். நம் விடுதியில் இரவு பத்து மணிக்கு ஒரு சினிமாப் பாட்டே முக்கி முனகித்தான் வருகிறது என்பதை நண்பர்கள் அறிவர்.

இதற்கிடையில் அவசரம் வேறு. உருவத்தைக் காண்பவர் தலையில் மாட்டிய கருவி விநாடிக்கு 90 முறை படத்தைப் புதுப்பிப்பது என்றால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் விநாடியில் ஆயிரத்தில் 11 பங்குதான். தலையைத் திருப்பியும் காட்சி திரும்பச் சற்றே தாமதித்தால் தலை சுற்றும், குமட்டும். எனவே குறைவாகவும் அனுப்ப வேண்டும், விரைவாகவும் விரிக்க வேண்டும். மடித்த புடவை பெட்டியில் அடங்கினால் மட்டும் போதாது; உதறியதும் விரிய வேண்டும்.

இத்துறையில் பெரியோர் செய்துவைத்தவை வியப்புக்குரியவை. எந்தப் புள்ளி எந்தப் புள்ளியோடு சேர்ந்தது என்னும் இணைப்புக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன கணக்கில் புள்ளிகளின் இடத்தைச் சொல்வதைப் போல இரு மடங்கு செலவு இதற்கே ஆகிறது. 1962இல் கணித மேதை டட் என்பவர், இத்தகைய முக்கோண வலைகள் எத்தனை வகையாக அமைய முடியும் என்று எண்ணிக் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் லோரன்ஸ் மறைகுறிப் பொறியைக் கண்ணால் காணாமலே அதன் உள்ளமைப்பை உய்த்துணர்ந்தவரும் அவரே. அவர் எண்ணிக்கையிலிருந்து, எல்லா வலைகளுக்கும் பொதுவாகப் புள்ளி ஒன்றுக்குச் சுமார் 3.245 பிட்டுக்குக் கீழே இறங்க முடியாது என்று தெரிகிறது. 1999இல் ஜாரெக் ரோசிக்னாக், வலையை ஒரு முக்கோணத்திலிருந்து பக்கத்து முக்கோணத்துக்கு நடந்து கடக்கும் முறை ஒன்றை வெளியிட்டார். ஒவ்வோர் அடியிலும் ஐந்து எழுத்துகளில் ஒன்றைச் சொன்னால் போதும். துளையில்லாத வலையானால் முக்கோணத்துக்கு 2 பிட்டுக்கு மிகாது. நம் 40,000 முக்கோணங்களுக்கு 4,80,000 பைட்டாக இருந்த செலவு 10,000 பைட்டாக இறங்கிவிட்டது. அதுவும் ஓர் இணைப்பைக்கூட இழக்காமல். கூகுள் நிறுவனம் 2017இல் வெளியிட்ட டிராக்கோ என்னும் சுருக்கியிலும் இம்முறை இருக்கிறது.

புள்ளிகளின் இடத்தைச் சொல்ல வேறு உபாயம். ஒரு முக்கோணத்தை அறிந்துவிட்டால், அதன் பக்கத்து முக்கோணம் அதனோடு சேர்ந்து ஏறக்குறைய ஓர் இணைகரமாக இருக்கும் என்று ஊகிக்கலாம். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சிறு வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் போதும். இதை 1998இல் டூமா, காட்ஸ்மன் இருவரும் செய்து காட்டினர். அதற்கு முன், இடத்தையே முழுத் துல்லியமாகச் சொல்லாமல் உருட்டிச் சொல்வது வழக்கம். இரண்டு மீட்டர் அகலத்தை 2048 படிகளாகப் பிரித்தால் படிக்கு ஒரு மில்லிமீட்டர். ஓர் அளவுக்கு 32 பிட்டுக்குப் பதில் 11 பிட். மளிகைக் கடைக்காரர் சில்லறைக் காசை விட்டுக் கணக்கு முடிப்பதைப் போன்றது இது. இந்த இடத்தில்தான் முதன்முதலாக உண்மையில் சிறிது இழக்கிறோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் நிற்கும் சிலைக்குச் சொன்னவை. ஆடும் மனிதருக்கு இன்னும் நல்ல வழி உண்டு. சென்ற சட்டகத்தில் இருந்த கைதான் இந்தச் சட்டகத்திலும் இருக்கிறது; சற்றே நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. எனவே இணைப்பை ஒரு முறை சொல்லிவிட்டு, பிறகு நகர்வை மட்டும் சொல்லலாம். 1999இல் லெங்கியல், 2000இல் அலெக்ஸா, முல்லர் முதலியோர் இவ்வழியைத் தொடங்கி வைத்தனர். 2021இல் எம்பெக் என்னும் உலகத் தரக்குழு, இத்தகைய அசையும் வலைகளுக்கு ஒரு பொதுமுறை வேண்டும் என்று அழைப்பு விடுத்தது. அதிலிருந்து உருவான முறையின் சாரம் இது: பெரிய வலையைக் குறைத்துக் குறைத்து ஒரு சிறு அடிவலையாக்கு. பெறுகிறவர் அதன் ஒவ்வொரு முக்கோணத்தையும் நான்காகப் பிளக்கட்டும். மறுபடியும் நான்காக, மறுபடியும் நான்காக. 625 முக்கோணம் மூன்றே பிளவில் 40,000 ஆகிவிடும். பிளந்த புள்ளிகள் உண்மையான உடலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை மட்டும் தனியே அனுப்பு. தையற்காரர் முதலில் பெருந்தையல் போட்டுப் பிறகு உடம்போடு பொருத்திப் பிடிப்பதைப் போல.

இதுவரை கேட்டால் எல்லாம் சுபம். நானும் அப்படித்தான் இருந்தேன், எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஓர் அம்மையார் வரும்வரை.

அவர் இந்நகரில் நெடுங்காலமாகப் பரதநாட்டியம் கற்பிக்கும் தமிழர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலியால் அரைமண்டியில் நெடுநேரம் நிற்க முடிவதில்லை. தம் ஆசிரியரிடம் கற்ற பதங்கள் சில அவரிடம் இருக்கின்றன. அவற்றைக் கற்க விரும்பும் மாணவியோ வேறு நகரத்தில் வேலையில் இருக்கிறார். வீடியோவில் முன்பக்கம் மட்டுமே தெரியும். வலையுருவமானால் மாணவி சுற்றி வந்து பக்கவாட்டிலும் பின்புறத்திலும் நின்று பார்த்துக் கற்கலாம் என்று எண்ணி, ஆட ஒப்புக்கொண்டார். ஆடிய பதத்தைச் சுருக்கி, மீண்டும் விரித்து, ஒரு வாரம் கழித்து அவருக்குக் காட்டினோம். தலைக்கருவியை மாட்டிக்கொண்டு தம் உருவத்தைத் தாமே ஒரு சுற்றுச் சுற்றினார். "என் முதுகை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை, தம்பி" என்று சிரித்தார். பிறகு வலக்கை அருகே நின்றுவிட்டார்.

"தம்பி, இந்த இடத்தில் நான் திரிபதாகம் பிடித்தேன். இவள் பதாகம் பிடிக்கிறாளே!"

நாட்டியம் அறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். விரல்களை நீட்டிச் சேர்த்துக் கட்டைவிரலை மடித்தால் பதாகம். அதில் மோதிரவிரலையும் மடித்தால் திரிபதாகம். சுண்டுவிரலையும் சேர்த்து மடித்தால் அர்த்தபதாகம். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பெயர் மாற்றம்; பெயர் மாறினால் பொருளும் மாறும்.

"அம்மா, சராசரிப் பிழை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலேதான்" என்றேன்.

"சராசரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அந்தப் பெண் இதைப் பார்த்துத்தானே கை பிடிப்பாள்? அவளிடம் கற்பவள் அவளைப் பார்த்துப் பிடிப்பாள். பாடம் அல்லவா மாறிவிடும்!"

அன்றிரவு கணக்கை எடுத்துப் பார்த்தேன். விரல்களோடு கூடிய ஒரு உள்ளங்கையின் பரப்பு உடலின் பரப்பில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. தீக்காயத்தின் அளவை மதிப்பிட மருத்துவர்கள் கையாளும் கணக்கு இது. புறங்கையையும் மற்றொரு கையையும் சேர்த்தால் ஏறக்குறைய நூற்றில் நான்கு. 625 முக்கோண அடிவலையில் பரப்புக்கு ஏற்பப் பங்கிட்டால் இரண்டு கைகளுக்கும் சேர்த்து 25 முக்கோணம். பத்து விரலுக்கு 25 முக்கோணத்தில் உருவம் எப்படி வரும்? வளைவு மிகுந்த இடத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் முறைகள் உண்டு. 1997இல் கார்லண்டும் ஹெக்பெர்ட்டும் வகுத்தது அவற்றுள் புகழ்பெற்றது. ஆனால் அந்த முறைக்கும் விரலின் வளைவும் புடவை மடிப்பின் வளைவும் ஒன்றுதான். மடிப்போ ஏராளம்.

சராசரி செய்யும் மாயத்தையும் ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். உடலில் நூற்றுக்கு 96 பங்கில் பிழை 1 மில்லிமீட்டர், கைகளான 4 பங்கில் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து மூலம் கண்டால் 1.15 வரும். கையில் பிழை மும்மடங்கு. அட்டவணையில் அதன் சுவடே இல்லை. இப்போது கைகளுக்குக் கூடுதல் பிட் கொடுத்து அங்கே பிழையை 0.5 ஆக்குவோம். பிட் எங்கிருந்து வரும்? ஒதுக்கீடு ஒன்றுதானே, மற்ற இடத்தில் பிடுங்க வேண்டும். அங்கே பிழை 1.2 ஆகிறது. சராசரி 1.18. கை ஆறு மடங்கு திருந்தியிருக்கிறது. அட்டவணையோ முன்னைவிட மோசம் என்கிறது!

ஆராய்ச்சி மாணவருக்கு அட்டவணை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டத்துக்கும் கட்டுரைக்கும் அதுதான் நுழைவுச்சீட்டு. என் பேராசிரியரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோலை ஆளுக்கு ஆள் மாற்றினால், யார் முறை நல்லது என்று உலகம் எப்படி அறியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொது அளவுகோல் இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தத்தம் முறைக்கு ஏற்ற கோலை வெட்டிக்கொள்வார்கள். ஆனால் அம்மையார் கேட்டதும் நியாயமான கேள்விதானே. இரண்டு நியாயங்களுக்கும் இடையே சில நாள் தூக்கம் கெட்டது.

முடிவில் அம்மையாரிடமே போய், "எதை விட்டுக்கொடுக்கலாம், அம்மா?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "விசிறி மடிப்பு போனால் போகட்டும், தம்பி. தலைப்பூ மழுங்கினாலும் பாதகமில்லை. கை, கண், பாதம் மூன்றும் கெடக்கூடாது" என்றார். எந்த நூலிலும் எனக்குக் கிடைக்காத பங்கீட்டு விதி அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அதன்படி கைக்கும் பாதத்துக்கும் அடிவலையில் முக்கோணங்களைக் கூட்டி, அங்கே விலகலை நுண்ணிய படியில் எழுதினேன். கண்ணுக்காக முகத்தின் வண்ணப் படத்தில் நுணுக்கத்தைக் காத்தேன். துணிமணிக்குப் பெரிய படி வைத்தேன். அட்டவணையில் இரண்டு பத்திகள் போட்டிருக்கிறேன். முதல் பத்தி ஊரார் அளவுகோல். அதில் என் முறை சற்றுப் பின்தங்கி நிற்கிறது. இரண்டாம் பத்தியில் கை, பாதம் தனியே. பேராசிரியர் முதல் பத்தியை எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையுடன் இரண்டாவதை அனுமதித்தார். தேர்வாளர்கள் எந்தப் பத்தியைப் படிப்பார்களோ, பார்ப்போம்.

இத்துடன் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பதத்தின் முடிவில் அம்மையார் கை கூப்புகிறார். அங்கே வேறொரு வம்பு காத்திருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் ஓர் எளிய விதி கண்டார். துளையில்லாத மூடிய உருவத்தில் புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து கோடுகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் எப்போதும் 2 வரும். பெட்டிக்கு 8 மூலை, 12 விளிம்பு, 6 முகம்; விடை 2. கைகளை விரித்து நிற்கும் மனிதருக்கும் 2. ஆனால் உளுந்துவடைக்கு 0, நடுவில் துளை இருப்பதால். இடுப்பில் ஒரு கை வைத்தால் முழங்கைக்கும் உடலுக்கும் நடுவே துளை தோன்றுகிறது, அவர் வடையாகிவிடுகிறார். தட்டடவு பழகும் குழந்தை இரு கைகளையும் இடுப்பில் வைத்து நிற்கிறாள். கணக்கு 0ஐயும் தாண்டி −2. கை கூப்பினாலோ, தோள், கை, மார்பு மூன்றும் வளையமாகச் சேர்ந்துவிடுகின்றன. ஒட்டிய இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே காமிராவின் கண் நுழைய முடியாது. ஆகவே வலை இரண்டு கைகளையும் ஒரே பிண்டமாக ஒட்டித் தைத்துவிடுகிறது. ஆய்லர் எண் 2இலிருந்து 0க்குத் தாவுகிறது. சென்ற சட்டகத்தின் இணைப்பு இனிச் செல்லாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். "நகர்வை மட்டும் சொல்வேன்" என்ற சிக்கனம் ஒரே கும்பிடில் பறந்துவிடுகிறது.

2015இல் 106 காமிராக்களை வைத்து இவ்வகை உருவங்களைப் பிடித்த மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அழகிய வழி காட்டினர். சட்டகங்களில் துளை குறைந்ததும் பரப்பு மிகுந்ததுமான ஒன்றைத் தாய்ச் சட்டகமாகத் தேர்ந்துகொள். அதன் வலையையே மற்றச் சட்டகங்களுக்கு வளைத்துக் கொண்டு போ. அதாவது கைகள் கூடிய நொடியிலிருந்து தொடங்காதே. விரிந்த நொடியிலிருந்து தொடங்கு. அப்படிச் செய்தால் கூப்பிய நிலையிலும் வலக்கை வலக்கையாகவும் இடக்கை இடக்கையாகவும் இருக்கும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும், ஒன்றாகிவிடா. நானும் அவ்வழியைத்தான் முயன்றுகொண்டிருக்கிறேன். மெதுவாகக் கூப்பினால் பொருந்துகிறது. அம்மையார் வழக்கம்போல் விரைந்து கூப்பினால், சுண்டுவிரல் பக்கம் இன்னும் தைத்துக்கொள்கிறது.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் கை மட்டும் போதாது. பலவகைக் கைகள் வேண்டும். குட்டைவிரல், நெட்டைவிரல், மோதிரம் அணிந்தது, வளையல் நிறைந்தது, மிருதங்கம் வாசித்துக் காய்த்தது, எதுவானாலும் சரி. சனிக்கிழமை பிற்பகல் எங்கள் ஆய்வுக்கூடம் திறந்திருக்கும். வந்து காமிராக்களின் நடுவே நின்று, ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை விரைவாகவும் கும்பிட்டுவிட்டுப் போங்கள். தேநீர் என் செலவு. வணக்கம்.